மனித உரிமை ஆணைக்குழுக்களும் அவற்றின் தரமும்

ஒருவர் தமது வரவு செலவுக் கணக்கைத் தாமே எழுதி, தாமே பரிசோதித்து, சரியென்று தாமே ஒப்பமும் இட்டுக் கொடுப்பாராயின், அக்கணக்கை ஊரார் நம்பமாட்டார்கள். கூட்டுறவுச் சங்கமாயினும் கோயிற் பரிபாலன சபையாயினும், பொதுப்பணத்தைக் கையாள்வோர் வெளியிலிருந்து ஒரு கணக்காய்வாளரை அழைப்பது இதன் பொருட்டேயாகும். கணக்கு எழுதியவர் நேர்மையற்றவர் என்பது இதன் கருத்தன்று. நேர்மையானவரின் கணக்கும் பிறர் கண்ணாற் பார்க்கப்பட்ட பின்னரே நம்பிக்கைக்கு உரியதாகின்றது என்பதே கருத்து.

பணத்துக்குப் பொருந்தும் இவ்விதி மனிதரின் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பொருந்துமா என்னும் கேள்வி, சென்ற முப்பது ஆண்டுகளாக உலக நாடுகளின் முன்னே இருந்து வருகின்றது. அரசாங்க அதிகாரி ஒருவர் சட்டத்துக்கு மாறாக ஒரு குடிமகனைத் தடுத்து வைத்தால், அக்குடிமகனின் குடும்பத்தார் நீதிமன்றத்தை நாடலாம். வழக்காடப் பொருளும் வலிமையும் அற்றோர், கட்டணம் எதுவுமின்றி முறையிடுவதற்கென அரசாங்கமே ஒரு மனித உரிமை ஆணைக்குழுவை அமைத்துக் கொடுக்கின்றது. அந்த ஆணைக்குழுவுக்குச் சம்பளம் கொடுப்பது அரசு. அது விசாரிக்க வேண்டியதும் அரசின் உத்தியோகத்தரையே. இந்நிலையில் அந்த ஆணைக்குழு நம்பத் தகுந்ததென்று சான்று கூறுவோர் யார்?

மனுநீதிச் சோழனின் வரலாற்றை அறியாத தமிழர் இல்லை. அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கியது. கன்றை இழந்த பசு அதனை அசைத்தது. மன்னன் தன் மகனென்றும் பாராது நீதி வழங்கினான். அக்கதையிலே மணியைக் கட்டியவனும் மன்னன், தீர்ப்புச் சொன்னவனும் மன்னன், குற்றத்துக்குள்ளானவனும் மன்னனின் மகன். மன்னன் அறவோனாக இருந்தமையால் பசுவுக்கு நீதி கிடைத்தது. மன்னன் வேறுவிதமானவனாக இருந்திருந்தால், மணியின் கயிற்றை இரவோடிரவாக அவிழ்த்துவிட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இக்கால மக்களாட்சி, ஆள்பவரின் நற்குணத்தை மாத்திரம் நம்பி இருப்பதன்று. மணியின் கயிறு ஆள்பவரின் கைக்கு எட்டாதபடி கட்டப்பட்டிருக்கின்றதா என்று பார்ப்பதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும். மனித உரிமை நிறுவனங்களுக்கு வழங்கப்படும் சர்வதேச அங்கீகாரம் அத்தகைய ஏற்பாடாகும்.

இந்த ஏற்பாட்டின் வித்து ஐக்கிய நாடுகள் தாபனத்தின் தொடக்க நாட்களிலேயே இடப்பட்டது. 1946ஆம் ஆண்டில் அதன் பொருளாதார, சமூக சபை, மனித உரிமை ஆணைக்குழுவின் பணிக்கு உதவும் பொருட்டு உள்ளூர்க் குழுக்களை அமைப்பது பற்றி ஆலோசிக்குமாறு அங்கத்துவ நாடுகளைக் கேட்டுக்கொண்டது. பல ஆண்டுகள் அது ஓர் ஆலோசனையாகவே இருந்தது. 1991ஆம் ஆண்டு ஒக்டோபரில் பாரிஸ் மாநகரிலே பல நாட்டுப் பிரதிநிதிகளும் கூடி, ஒரு தேசிய மனித உரிமை நிறுவனத்துக்கு இருக்க வேண்டிய இலக்கணங்களை வகுத்தனர். அவை 1993ஆம் ஆண்டு டிசெம்பர் 20ஆந் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் 48/134ஆம் இலக்கத் தீர்மானத்தினால் ஏற்றுக்கொள்ளப்பட்டு, பாரிஸ் கோட்பாடுகள் என்னும் பெயரால் வழங்கலாயின.

அக்கோட்பாடுகளின் சாரத்தைச் சில வாக்கியங்களிலே கூறிவிடலாம். நிறுவனம் அரசியலமைப்பினாலோ பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தினாலோ தாபிக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஓர் அமைச்சரின் கட்டளையினால் உண்டாகி மற்றொரு கட்டளையினால் மறைவதாக இருத்தலாகாது. அதன் பணிப்பரப்பு விரிந்ததாக இருத்தல் வேண்டும். நாட்டிலுள்ள பல்வேறு மக்கட்பிரிவினரின் முகமும் குரலும் அதன் அங்கத்தவரிடையே காணப்படல் வேண்டும். தன் ஊழியரையும் கட்டிடத்தையும் வைத்துக்கொள்ளப் போதிய பணம் வேண்டும். அப்பணத்துக்காக ஒவ்வொரு முறையும் அரசாங்கத்தின் முகத்தை நோக்கி நிற்கும் நிலை இருத்தலாகாது. அங்கத்தவரின் பதவிக்காலம் முன்னரே வரையறுக்கப்பட்டிருத்தல் வேண்டும். இவை யாவற்றையும் ஒரு சொல்லில் அடக்குவதாயின், அச்சொல் சுதந்திரம் என்பதாகும்.

கோட்பாடு வகுத்தால் மட்டும் போதாது. யார் அதன்படி நடக்கிறார் என்று பார்ப்பவரும் வேண்டும். 1993ஆம் ஆண்டிலே தேசிய நிறுவனங்கள் தம்முள் ஒன்றுகூடி ஒரு சர்வதேச இணைப்புக் குழுவை அமைத்துக்கொண்டன. 2016ஆம் ஆண்டு தொடக்கம் அக்குழு தேசிய மனித உரிமை நிறுவனங்களின் உலகக் கூட்டணி என்று அழைக்கப்படுகின்றது. தரம் பார்க்கும் பணி அதன் அங்கீகார உப குழுவுக்குரியது. ஆபிரிக்கா, அமெரிக்கா, ஆசியா–பசிபிக், ஐரோப்பா ஆகிய நான்கு பிராந்தியங்களிலிருந்தும் பிராந்தியத்துக்கு ஒன்றாக நான்கு நிறுவனங்கள் அதிலே அங்கம் வகிக்கின்றன. ஐக்கிய நாடுகள் மனித உரிமை உயர் ஆணையாளரின் அலுவலகம் அதற்குச் செயலகமாக நின்று உதவுகின்றது.

பரிசோதனை நடைபெறும் விதம் இதுவாகும். நிறுவனம் தன்னைத் தாபித்த சட்டத்தின் பிரதி, தன் உத்தியோகத்தரின் விபரம், வரவு செலவுத் திட்டம், ஆண்டறிக்கை ஆகியவற்றையும், பாரிஸ் கோட்பாடுகளைத் தான் எவ்வாறு கடைப்பிடிக்கின்றது என்னும் விளக்கத்தையும் அனுப்புகின்றது. அந்நாட்டின் பொதுமக்கள் அமைப்புகளும் தம் கருத்தை எழுதி அனுப்பலாம். எல்லாவற்றையும் ஆராய்ந்த பின்னர் உப குழு தன் பரிந்துரையைச் செய்கின்றது. கோட்பாடுகளை முழுமையாக நிறைவு செய்வதற்கு ‘ஏ’ தரம். ஒரு பகுதியை நிறைவு செய்வதற்கு ‘பி’ தரம். ஒரு முறை தரம் பெற்றவர் ஆயுட்காலம் முழுவதும் அதனை அணிந்திருக்க முடியாது. ‘ஏ’ தரம் பெற்ற நிறுவனம் ஐந்தாண்டுக்கு ஒரு தடவை மீண்டும் பரிசோதனைக்கு வருதல் வேண்டும். இடையிலே கடுமையான ஐயம் எழுமாயின் விசேட மீளாய்வும் உண்டு. தரத்தைக் குறைக்க உத்தேசிக்கும்போது, குறையைத் திருத்திக்கொள்ளுவதற்கு ஏறக்குறைய ஓராண்டுத் தவணை கொடுப்பது வழக்கம்.

‘ஏ’ தரத்தினால் வரும் பயன் என்ன? அத்தரமுடைய நிறுவனம் ஜெனீவாவிலுள்ள மனித உரிமைப் பேரவையிலே, தன் நாட்டு அரசாங்கத்தின் ஆசனத்தில் அன்றித் தனக்கென ஒதுக்கிய ஆசனத்தில் அமர்ந்து பேசலாம். அரசாங்கத்தின் பிரதிநிதி எல்லாம் நலமே என்று கூறிய அதே மண்டபத்தில், அதே நாட்டின் ஆணைக்குழு எழுந்து, நலமல்லாதவை இவையென்று கூறலாம். உலகக் கூட்டணியிலே வாக்களிக்கும் உரிமையும் அதற்கு உண்டு. ‘பி’ தரத்துக்கு இவ்வுரிமைகள் இல்லை.

இவ்விடத்திலே ஒரு தவறான எண்ணத்தை அகற்றுதல் அவசியமாகும். ஓர் ஆணைக்குழு ‘ஏ’ தரம் பெற்றதென்றால் அந்த நாட்டிலே மனித உரிமைகள் நன்கு பேணப்படுகின்றன என்று பொருளன்று. உரைகல்லில் வைத்துப் பார்க்கப்படுவது நாடன்று; நிறுவனமே. இதற்கு நோர்வே நாடு நல்ல உதாரணம். அங்கே ஒஸ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனித உரிமை நிலையமே தேசிய நிறுவனமாக இருந்தது. அது 2006ஆம் ஆண்டில் ‘ஏ’ தரமும் பெற்றிருந்தது. ஆனால் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியாக இருக்கும் ஆராய்ச்சி நிலையம், பாரிஸ் கோட்பாடுகள் வேண்டும் சுதந்திரமும் விரிந்த பணிப்பொறுப்பும் உடையதாகாது என்று உப குழு கண்டது. 2012ஆம் ஆண்டில் அதன் தரம் ‘பி’ ஆயிற்று. அந்நாட்டினர் இதனை அவமானமென்று கொள்ளவில்லை. பாராளுமன்றத்தின் கீழ், தனிச் சட்டத்தினால், 2015ஆம் ஆண்டு ஜூலையில் புதிய நிறுவனமொன்றைத் தொடங்கினர். அது 2017ஆம் ஆண்டில் ‘ஏ’ தரத்தைப் பெற்றது.

மலேசியாவின் அனுபவமும் கேட்கத் தகுந்தது. 1999ஆம் ஆண்டின் சட்டத்தினால் உருவான அந்நாட்டு ஆணைக்குழுவின் அங்கத்தவர் இரண்டே ஆண்டுகளுக்கு நியமனம் பெற்றனர். இரண்டாண்டுப் பதவியில் இருப்பவர், முதலாண்டில் வேலையைக் கற்றுக்கொண்டு, இரண்டாமாண்டில் மறு நியமனத்தை எண்ணியவாறு இருப்பார். தெரிவு முறையும் தெளிவாக இருக்கவில்லை. 2008ஆம் ஆண்டில் உப குழு தரக்குறைப்பு அறிவித்தலை விடுத்தது. அடுத்த ஆண்டிலேயே மலேசியப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பதவிக்காலத்தை மூன்றாண்டாக்கி, அங்கத்தவரைத் தெரிவதற்கான குழு ஒன்றுக்கும் வழிசெய்தது. ஆணைக்குழுவின் ‘ஏ’ தரம் தப்பியது. உள்நாட்டிலே பலர் பன்முறை கேட்டும் நிகழாத திருத்தம், வெளியிலிருந்து வந்த ஓர் அறிவித்தலினால் ஓராண்டுக்குள் நிகழ்ந்தது.

நைஜீரியாவிலே 2006ஆம் ஆண்டில் ஆணைக்குழுவின் நிறைவேற்றுச் செயலாளர் தம் பதவிக்காலம் முடியுமுன்னரே நீக்கப்பட்டார். மறு ஆண்டில் அவ்வாணைக்குழுவின் தரம் ‘பி’ ஆகத் தாழ்ந்தது. பின்னர் நிறைவேறிய திருத்தச் சட்டம் ஆணைக்குழுவின் பதவிகளுக்கும் நிதிக்கும் பாதுகாப்பு அளித்தது. 2011ஆம் ஆண்டில் ‘ஏ’ தரம் திரும்பக் கிடைத்தது. மலேசியாவிலும் நைஜீரியாவிலும் தரத்தைத் தீர்மானித்த கேள்விகள் ஒரே வகையானவை. நியமிப்பவர் யார்? எவ்வளவு காலத்துக்கு? நீக்குவது எவ்வாறு?

இதே கேள்விகளை இலங்கையின் ஆணைக்குழுவை நோக்கிக் கேட்கும்போது, விடை இன்னும் தெளிவாக வெளிப்படுகின்றது. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தினால் தாபிக்கப்பட்டு, 1997ஆம் ஆண்டிற் பணி தொடங்கியது. ஐந்து அங்கத்தவர், மூன்றாண்டுப் பதவிக்காலம். முறைப்பாடு வந்தாலும், வராதவிடத்துத் தானாகவும், அது விசாரணை நடத்தலாம். தடுப்புக்காவல் நிலையங்களைச் சென்று பார்வையிடலாம். பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் ஒருவர் கைதானால், கைது செய்த அதிகாரி உடனடியாக, எவ்வாறாயினும் 48 மணித்தியாலத்துக்குள், அதனை ஆணைக்குழுவுக்கு அறிவித்தல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதியாகும். மகன் எங்கே இருக்கின்றான் என்று அறியாது அலையும் பெற்றோருக்கு இவ்விதியின் பெறுமதி விளங்கும்.

2000ஆம் ஆண்டில் இவ்வாணைக்குழு ‘ஏ’ தரம் பெற்றது. 2001ஆம் ஆண்டின் 17ஆம் அரசியலமைப்புத் திருத்தம் அதன் சுதந்திரத்துக்கு மேலும் ஒரு வேலி இட்டது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி ஆகிய இரு பக்கத்தாரின் சம்மதத்தோடும் அமையும் அரசியலமைப்புப் பேரவையின் விதப்புரையின்றிச் சனாதிபதி அங்கத்தவரை நியமிக்க முடியாதென அத்திருத்தம் விதித்தது. ஆனால் 2005ஆம் ஆண்டில் முதலாவது பேரவையின் காலம் முடிந்தபின் புதிய பேரவை அமையவில்லை. 2006ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் ஆணைக்குழு அங்கத்தவரின் காலமும் முடிந்தது. விதப்புரை செய்யப் பேரவை இல்லாத நிலையில் சனாதிபதி நேரடியாகவே புதிய அங்கத்தவரை நியமித்தார்.

அக்காலம் எத்தகையது என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். போர் மீண்டும் மூண்டுகொண்டிருந்தது. ஆட்கடத்தலும் காணாமற்போதலும் மலிந்து, முறைப்பாட்டுப் பத்திரங்களோடு மக்கள் அலுவலக வாயில்களில் நின்ற காலம் அது. ஆணைக்குழு மிகத் தேவைப்பட்ட அந்த வேளையிலேயே அதன் மீதுள்ள நம்பிக்கை ஆட்டங்கண்டது. 2007ஆம் ஆண்டில் உப குழு இவ்வாணைக்குழுவை ‘பி’ தரத்துக்கு இறக்கியபோது, நியமன முறை சட்டத்துக்கு இணங்கவில்லை என்பதை ஒரு காரணமாகக் காட்டியது. 2006ஆம் ஆண்டு ஜூலையில் 2000 காணாமற்போதல் முறைப்பாடுகளின் மேல்நடவடிக்கை நிறுத்தப்பட்டதை மற்றொரு காரணமாகக் காட்டி, ஆணைக்குழுவின் பணி நடுநிலையானதா என்று ஐயமும் எழுப்பியது. இவ்விரு காரணங்களும் வெவ்வேறானவை போலத் தோன்றும். நியமனம் என்பது கொழும்பில் உள்ள அரசியலமைப்பு நிபுணர்களின் விவகாரம்; காணாமற்போதல் என்பது கிராமத்திலுள்ள தாயின் துயரம். ஆயினும் அவ்விரண்டும் ஒரே அறிக்கையில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆணைக்குழுவுக்கு யார் வருவது என்னும் கேள்வி, அங்கே யாருடைய கோவை திறக்கப்படும் என்னும் கேள்வியிலிருந்து பிரிக்க முடியாதது.

2009ஆம் ஆண்டில் மீண்டும் ஆராய்ந்தபோதும் தரம் ‘பி’ ஆகவே நின்றது. 2010ஆம் ஆண்டின் 18ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையையே அகற்றி, கருத்துரைக்கும் உரிமை மட்டுமுள்ள பாராளுமன்றப் பேரவையை அவ்விடத்தில் வைத்தது. 2015ஆம் ஆண்டின் 19ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை மீளக் கொணர்ந்தது. அதன் வழியே புதிய ஆணைக்குழு அமைந்தது. 2018ஆம் ஆண்டில் ‘ஏ’ தரம் திரும்பியது. 2020ஆம் ஆண்டின் 20ஆம் திருத்தம் நியமன அதிகாரத்தை மறுபடியும் சனாதிபதியிடம் சேர்த்தது. உப குழு தரத்தை விசேட மீளாய்வுக்கு எடுத்துக்கொண்டது. 2022ஆம் ஆண்டின் 21ஆம் திருத்தம் பேரவையை மற்றொரு முறை உயிர்ப்பித்தது. மீளாய்வுகளின் பின்னர் 2024ஆம் ஆண்டில் ஆணைக்குழு ‘ஏ’ தரத்தோடு நின்றது. அரசியலமைப்புத் திருத்தங்களின் ஆண்டுகளை ஒரு பக்கத்திலும், தரத்தின் ஏற்ற இறக்கங்களை மறுபக்கத்திலும் எழுதிப் பார்ப்பவருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இவ்வங்கீகார முறையைக் குறைகூறுவோரும் உளர். பரிசோதிப்போரும் பரிசோதிக்கப்படுவோரும் ஒரே இனத்தார். இன்று உப குழுவில் இருக்கும் நிறுவனம் நாளை பரிசோதனைக்கு வரவேண்டியது. ஆதலால் ஒருவருக்கொருவர் தாட்சணியம் காட்டுவர் என்பது ஒரு குறை. பரிசோதனை பெரும்பாலும் காகிதங்களைக் கொண்டே நடைபெறுகின்றது. எழுத்தில் அழகாக இருக்கும் ஆணைக்குழு நடைமுறையில் உறங்கிக் கிடக்கலாம் என்பது மற்றொரு குறை. ‘ஏ’ தரத்தைப் பெற்ற அரசாங்கங்கள் அதனை ஒரு பதக்கம்போல் அணிந்து வெளிநாட்டவருக்குக் காட்டுகின்றன என்பதும் உண்மையே. இக்குறைகளை முற்றாக மறுக்க முடியாது. ஆயினும், சக நிறுவனங்களின் மீது தாட்சணியம் மாத்திரமே காட்டும் குழு, நோர்வேயின் தரத்தையோ நைஜீரியாவின் தரத்தையோ இறக்கியிராது. காகிதத்தை மட்டும் பார்க்கும் குழு, இலங்கையின் 2000 கோவைகளைப் பற்றிக் கேட்டிராது. பொதுமக்கள் அமைப்புகள் அனுப்பும் அறிக்கைகள் அக்குழுவின் மேசைக்குச் சென்றமையால், நடைமுறையும் அதன் பார்வைக்கு வந்தது. ஆகவே பரிசோதனையின் தரமும் ஓரளவுக்கு உள்நாட்டு மக்களின் விழிப்பிலேயே தங்கியுள்ளது.

இன்னுமொரு எல்லையையும் கூறுதல் நேர்மையாகும். ‘ஏ’ தரம் ஆணைக்குழுவுக்குத் தண்டிக்கும் அதிகாரத்தைக் கொடுப்பதில்லை. இலங்கை ஆணைக்குழு விதப்புரை செய்யலாம். அதிகாரி அதன்படி செய்யாவிடின் சனாதிபதிக்கு அறிக்கையிடலாம். அவ்வறிக்கை பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படும். அதற்கப்பால் அதன் கை நீளாது. கட்டளையிடும் வலிமையற்ற ஒரு நிறுவனத்துக்கு, அதன் சொல்லின் மீது மக்கள் வைக்கும் மதிப்பே வலிமையாகும். அம்மதிப்பு குறைந்தால் அதனிடம் எஞ்சுவது கட்டிடமும் கடிதத்தாளுமே.

இக்காரணத்தினால், அடுத்த தடவை ஆணைக்குழுவின் தரம் பற்றிய செய்தி வானொலியிலோ பத்திரிகையிலோ வரும்போது, ‘ஏ’ என்றால் மகிழ்ந்தும் ‘பி’ என்றால் வருந்தியும் அமைவது போதாது. எந்தக் காரணத்தைக் கொண்டு அத்தரம் வழங்கப்பட்டது, அங்கத்தவர் எவ்வாறு தெரியப்பட்டனர், அவர்களின் ஆண்டறிக்கை உரிய காலத்தில் வெளிவந்ததா, திறக்கப்படாத கோவைகள் எத்தனை என்று நேயர்கள் கேட்டறிதல் வேண்டும். உப குழுவின் அறிக்கைகள் எவரும் படிக்கத்தக்கனவாக வெளியிடப்படுகின்றன. ஜெனீவாவிலுள்ள குழு ஐந்தாண்டுக்கு ஒரு முறையே வந்து கேட்கும். இடைப்பட்ட ஆண்டுகளிலே கேட்க வேண்டியவர்கள், அந்த ஆணைக்குழுவின் வாயிலுக்கு முறைப்பாட்டோடு செல்லக்கூடிய மக்களேயாவர்.